கோபேயில் கற்ற ஒரு வாய்ச் சோறு

ஜப்பானுக்குப் போய் வந்தவர்கள் பனிமலையைப் பற்றி எழுதுகிறார்கள், புத்தர் கோயில்களைப் பற்றி எழுதுகிறார்கள். என்னிடம் அதெல்லாம் கிடையாது. நான் போனது மல்லாட்டைக்காக, அதாவது வேர்க்கடலைக்காக. திண்டிவனத்து மல்லாட்டையைப் பன்னிரண்டு துணிப்பைகளில் மாதிரி கட்டிக்கொண்டு, கோபே துறைமுகத்தில் ஓர் எண்ணெய் ஆலைக்காரரிடம் காட்டிவிட்டு வரச் சொல்லி எங்கள் மண்டி முதலாளி அனுப்பினார். மண்டியில் இங்கிலீஷில் கடுதாசி எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்த ஒரு தகுதியில் சமுத்திரம் தாண்டினேன்.

வேறு சமயமாக இருந்தால் குதித்துக்கொண்டு போயிருப்பேன். ஆனால் அந்தச் சித்திரையில் அப்பாவுக்கு விஷக்காய்ச்சல் கண்டிருந்தது. காய்ச்சல் ஒருவழியாக இறங்கிவிட்டது. போன பசி மட்டும் திரும்பி வரவில்லை. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்தால் பரிமாறுகிறவனுக்கே கை வலிக்கிறவரைக்கும் சாப்பிடுகிற மனிதர் அவர். இப்போது சோற்றைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். விழுப்புரத்திலிருந்து டாக்டரை அழைத்து வந்து காட்டினோம். உடம்பில் நோய் எதுவும் இல்லை, சாப்பிட்டால் பிழைத்துக்கொள்வார், இப்படியே போனால் தைப் பொங்கலைப் பார்க்கமாட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டாள். வீட்டைப் பார்த்துக்கொள்வது அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை. அத்தைக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், இலை நிறையச் சோற்றைக் குவித்துவிட்டுப் பக்கத்தில் காவல் நிற்பது. அப்பா அந்தக் குவியலைப் பார்ப்பார், கண்ணை மூடிக்கொள்வார். அத்தை அழுவாள். அப்புறம் இரண்டு கரண்டி கேப்பைக் கஞ்சியோடு அந்த வேளை முடியும்.

போகவா வேண்டாமா என்று நான் வாசற்படியில் தயங்கி நின்றபோது அப்பாதான் விரட்டினார். அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம்.

“நீ இங்கியே குந்திக்கினு என் மூஞ்சியப் பாத்துக்கினு இருந்தா எனக்குப் பசி வந்துடுமா? போய் வேலையப் பாரு,” என்றார்.

கோபேயில் எனக்குத் துணை காசிம் பாய். நாகூர்க்காரர், பதினைந்து வருஷமாக அங்கே துணிக் கமிஷன் வியாபாரம். அவர் கடைக்கு மேலே ஓர் அறை கொடுத்தார். நான் பூட்ஸோடு உள்ளே நுழைந்ததும், கோரைப்பாய் விரித்த தரையைப் பார்த்து வீட்டுக்காரக் கிழவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். காசிம் பாய் என்னை உட்காரவைத்து, இந்த ஊரில் செருப்பு விஷயத்தில் அசட்டையாக இருந்தால் மரியாதை போய்விடும் என்று அரைமணி நேரம் பாடம் நடத்தினார்.

பாடத்தை நான் நன்றாகவே கற்றுக்கொண்டேன். மறுநாள் காலையில் டிராம் வந்து நின்றதும், மிகவும் பவ்வியமாக பூட்ஸைக் கழற்றி ரோட்டோரம் வைத்துவிட்டு ஏறினேன். டிராம் கிளம்பிய பிறகுதான் மற்றவர்களின் காலைப் பார்த்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, காலுறையோடு ஓடிவந்து பார்த்தால் பூட்ஸ் இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் இரண்டையும் சேர்த்து, துடைத்து, நான் வந்து காலை விட வசதியாகத் திருப்பிக்கூட வைத்திருந்தார். விழுப்புரம் ஜங்ஷனில் வைத்திருந்தால் பூட்ஸும் போயிருக்கும், அது இருந்த இடத்தில் ஒருத்தர் மூட்டையோடு படுத்தும் இருப்பார்.

ஆலைக்காரர் பன்னிரண்டு பைகளையும் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு பருப்பை எடுத்துக் கடித்து, நெடுநேரம் மென்று, பன்னிரண்டு தடவை குனிந்து வணங்கினார். நானும் பன்னிரண்டு தடவை குனிந்தேன். மூன்று நாள் கழித்துப் பதில் சொல்வதாகச் சொன்னார். எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம்தான் இந்தக் கதை ஆரம்பமாகிறது. அதுவரை நான் ரொட்டியும் வாழைப்பழமும் தின்று காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். அங்கே சோறு கிடைக்காமல் இல்லை. அதை இரண்டு குச்சிகளால் எடுக்க வேண்டியிருந்தது. நான் எடுக்கும் வேகத்தில் ஒரு கிண்ணம் தீர்வதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். என் இளைப்பைப் பார்த்த காசிம் பாய், கையால் சாப்பிடுகிற இடத்துக்குக் கூட்டிப்போகிறேன் வா என்றார்.

ரயிலடிக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் நாலைந்து தள்ளுவண்டிக் கடைகள். ஒவ்வொன்றின் முன்னாலும் முகத்தை மறைக்கிற அளவுக்கு ஒரு துணித்திரை தொங்கியது. காசிம் பாய் வெள்ளைவெளேர் என்றிருந்த திரைகளையெல்லாம் தாண்டிப் போய், அழுக்கேறிப் பிசுபிசுத்துக் கிடந்த ஒன்றின் முன்னால் நின்றார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவர் விளக்கினார்: சாப்பிட்டு முடித்தவர்கள் போகும்போது விரலைத் திரையில் துடைத்துவிட்டுப் போவது வழக்கமாம். திரை அழுக்காக இருந்தால் கூட்டம் வருகிற கடை, மீன் புதுசு. திரை சுத்தமாக இருந்தால் நாம் மாட்டிக்கொண்டோம் என்று அர்த்தம். திண்டிவனத்தில் இந்தக் கணக்கு செல்லுபடியானால், எங்கள் கடைத்தெரு ஓட்டல்காரர்கள் எல்லாரும் ராஜாக்கள்.

உள்ளே டிராம் ஓட்டுகிறவர் ஒருவர், மூட்டை தூக்குகிற இரண்டு பேர், கண்ணாடி போட்ட ஒரு பள்ளிக்கூட வாத்தியார். எல்லாரும் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழைபாழைகளுக்குக் கட்டுப்படியாகிற கடை. பலகைக்கு அந்தப்புறம் நெற்றியைச் சுற்றித் துண்டு கட்டிய ஒரு மொட்டைத்தலையர். டோக்கியோவில் கடை வைத்திருந்தாராம். நிலநடுக்கத்தில் அது போய், பிழைக்க இங்கே வந்தவராம். மரத்தொட்டியிலிருந்து சோற்றை எடுத்து, உள்ளங்கையில் வைத்து இரண்டு அழுத்து. அதன்மேல் ஒரு மீன்துண்டு. மறுபடியும் ஓர் அழுத்து. பலகையில் விரித்த பச்சை இலைமேல் வைத்தார். அதற்கு சூஷி என்று பெயர்.

மீன் சிவப்பாக, அடுப்பையே பார்க்காததாக இருந்தது. எனக்குத் தெரிந்து மீன் என்றால் புளிக்குழம்பில் கிடக்க வேண்டும். மூட்டை தூக்குகிறவர்கள் என்னையே பார்த்தார்கள். இந்தியாவின் மானம் என் கையில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டேன். மீனுக்கு அடியில் தடவியிருந்த பச்சை நிறக் கார விழுதைப் பற்றி எழுதமாட்டேன். ஜப்பானுக்குப் போன எல்லாரும் அதைப் பற்றி எழுதிவிட்டார்கள். எல்லாரும் என்னைப் போலவே அழுதிருக்கிறார்கள்.

கண்ணீர் நின்ற பிறகுதான் சோறு தெரிந்தது. ஆறிய சோறு, லேசான புளிப்பு, உப்பு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது பழையது பாய், எங்கள் வீட்டில் தினமும் காலையில் தின்பது என்றேன். மொட்டைத்தலையர் இந்த ஆள் என்ன சொல்கிறான் என்று கேட்டார். காசிம் பாய் சொன்னார். அவர் கை அப்படியே நின்றது. சோறு பக்குவம் பண்ணக் கற்றுக்கொள்ளவே தனக்குப் பல வருஷம் ஆயிற்று, உங்கள் ஊரில் எத்தனை வருஷம் கற்றுக்கொடுப்பார்கள் என்று கேட்டார். ராத்திரி மிச்சமான சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடினால் போதும் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் வாத்தியாரைப் பார்த்தார், வாத்தியார் அவரைப் பார்த்தார். தமிழ்நாட்டைப் பற்றி அந்தச் சந்தில் அன்றைக்கு ஒரு பெரிய மதிப்பு உண்டாயிற்று. நான் பதினொன்று சாப்பிட்டேன்.

மறுநாளும் காசிம் பாயோடு போனேன். அன்றைக்குக் கடையில் ஒரு வயதான அம்மாள், தன் புருஷனைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து நின்றுகொண்டிருந்தாள். மனிதர் எலும்பும் தோலுமாக இருந்தார். கண் இருக்கிற இடத்தில் குழிதான் இருந்தது. எங்கள் வீட்டுக் கயிற்றுக்கட்டிலில் கிடக்கிறவரும் இப்படித்தான் இருந்தார். அவள் ஒரு தட்டு நிறைய வை என்றாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

மொட்டைத்தலையர் தட்டையே எடுக்கவில்லை. சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிசாக ஒரே ஓர் உருண்டை பிடித்தார். அதன்மேல் நகத்தளவு வெந்த மீன் வைத்து, நாலு எள்ளைத் தூவி, கிழவர் முன்னால் வைத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு கத்தி தீட்டப் போய்விட்டார். அம்மாள் ஏதோ சொன்னதற்குத் திரும்பாமலே பதில் சொன்னார். காசிம் பாய் எனக்குத் தமிழில் சொன்னார்: “நிறையப் பாத்தா பயந்துருவாரு. ஒரு வாய் போதும். அது எறங்குனா அடுத்தது.”

கிழவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் அவரைப் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மொட்டைத்தலையருக்கு முதுகிலும் கண் இருக்க வேண்டும். அடுத்தது தயாராக வந்து உட்கார்ந்தது. ஆறு சாப்பிட்டார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு இரண்டுக்கு மேல் இறங்கவில்லை. மொட்டைத்தலையரைப் பார்த்துப் பொறாமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

ஆலைக்காரர் மல்லாட்டை பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். அதற்கும் குனிந்துவிட்டுக் கப்பல் ஏறினேன்.

நாகப்பட்டினத்தில் இறங்கி ரயில் பிடித்து, விடியற்காலையில் விழுப்புரம் ஜங்ஷனுக்கு வந்து சேர்ந்தேன். அங்கே திண்டிவனத்துக்கு வண்டி மாற வேண்டும். பிளாட்பாரத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்த எங்கள் தெரு வைத்திலிங்கம் என்னைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தார். அவர் வைத்த விதமே எனக்குப் பிடிக்கவில்லை. நைனா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“இருக்காருப்பா, இருக்காரு. ரெண்டு வாரமா கஞ்சியும் எறங்கல. தண்ணிதான். ஒன்ன எங்கன்னு கேட்டுக்கினே கீறாரு. ஜல்தி போ,” என்றார்.

எதிரே ஒரு வண்டி கிளம்பத் தயாராகப் புகைவிட்டுக்கொண்டிருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி ஏறிவிட்டேன். மனசு முழுக்க அப்பாவின் குழிவிழுந்த முகம். வண்டி எங்கே போகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. கண்டமங்கலம் என்ற பலகையைப் பார்த்ததும்தான் சந்தேகம் வந்தது. பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். “இது பாண்டிச்சேரி வண்டிங்களே,” என்றார், நிதானமாக வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே.

கோபே வரைக்கும் வழி தவறாமல் போய்வந்தவன், சொந்த ஊருக்கு ஒரு மணிநேரம் இருக்கும்போது மறுபடியும் வேறு தேசத்துக்குப் போய்விட்டேன். வெள்ளைக்காரன் ராஜ்யத்துக்குப் பதிலாக இன்னொரு வெள்ளைக்காரனான பிரெஞ்சுக்காரன் ராஜ்யம். அங்கே இறங்கியபோது எனக்கு என்மேலேயே வந்த கோபத்துக்கு அளவில்லை. திண்டிவனம் பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. நிலைகொள்ளாமல் மார்க்கெட்டுக்குள் நடந்தேன்.

அங்கே ஒரு கடையில், பிரெஞ்சுச் சீட்டு ஒட்டிய பாட்டில் ஒன்றின் மூடியைத் திறந்து கடைக்காரர் யாருக்கோ முகரக் கொடுத்தார். அந்தப் புளித்த வாசனை என் மூக்குக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது. அது கோபே சந்தின் வாசனை. வினிகர் என்றார் கடைக்காரர். துரைமார்கள் இலைதழையில் ஊற்றித் தின்பதாம். ஒரு பாட்டில் வாங்கினேன். மீன்காரம்மாவிடம் அப்போதுதான் வந்த வஞ்சிரத்தில் ஒரு துண்டு வாங்கி வாழைமட்டையில் கட்டிக்கொண்டேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. சும்மா கையை வீசிக்கொண்டு போய் அப்பா முன்னால் நிற்க முடியாது என்று மட்டும் தெரிந்தது.

பஸ்ஸில் மீன் வாசனைக்காக ஒரு சண்டை. நடுவழியில் பஸ் நின்று, கிளீனர் இரும்புக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் களைத்து, நாங்கள் எல்லாரும் இறங்கித் தள்ளினோம். கிளியனூர் வருவதற்குள் சுங்கக்காரர்கள் ஏறினார்கள். என் பாட்டிலைப் பார்த்ததும் அவர்கள் முகத்தில் வந்த மலர்ச்சியை என்ன சொல்ல. பாண்டிச்சேரியிலிருந்து பாட்டிலோடு வருகிறவன் என்ன கொண்டுவருவான் என்பது அவர்களுக்குத் தெரியாதா? வினிகர் என்று நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. பெரிய மீசைக்காரர் ஒருவர் மூடியைத் திருகி, உத்தியோகக் கடமையாக உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு, நக்கிப் பார்த்தார். பஸ் முழுக்க அவர் முகத்தையே பார்த்தது. மீசை இரண்டு பக்கமும் மேலே போயிற்று.

“இன்னாய்யா இது? இத வச்சிக்கினு இன்னா பண்ணப் போற?” என்றார்.

சோற்றில் ஊற்றப் போகிறேன் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, பாட்டிலை மூடி என் மடியிலேயே வைத்துவிட்டு இறங்கிப்போனார்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது. அப்பா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஜப்பான் கிழவர் இவருக்கு எவ்வளவோ தேவலை. “வந்துட்டியா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடியில் பலமே இல்லை. அத்தை மூலையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சட்டையைக்கூடக் கழற்றாமல் நேரே அடுப்பங்கரைக்குப் போனேன்.

ஆம்பிளை அடுப்பங்கரையில் என்ன பண்ணுகிறான் என்று அத்தை கேட்டுக்கொண்டே இருந்தாள். சோற்றைக் குழைய வடித்து, முறத்தில் கொட்டி விசிறியால் ஆற்றினேன். வினிகர், உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை. மீனைப் பச்சையாக வைக்கிற துணிச்சல் எனக்குக் கோபேயோடு சரி. மெல்லிசாக அரிந்து தோசைக்கல்லில் மல்லாட்டை எண்ணெய் விட்டு வாட்டினேன். மீன் கருகாமல் வந்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது. ஒன்று வைக்க வேண்டியவன், மூன்று பிடித்தேன். கோபேக்காரர் எள் தூவினாரே என்று எள்ளும் தூவினேன். எங்கள் வீட்டில் இருந்தது கறுப்பு எள்தான். இலை வேண்டுமே என்று கொல்லையில் ஒரு வாழை இலை அறுத்து வந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் இலையைப் போட்டு, மூன்று உருண்டைகளையும் வரிசையாக வைத்தேன். அப்பாவைத் தூக்கிச் சுவரோடு சாய்த்து இலைக்கு முன்னால் உட்காரவைத்தேன்.

தண்ணீர்ச் சொம்போடு வந்த அத்தை இலையைப் பார்த்தாள். சொம்பு கை நழுவி உருண்டது.

“அடப்பாவி. உசுரோட கீற எங்கண்ணனுக்குப் பிண்டம் புடிச்சி வச்சிட்டியே.”

அப்போதுதான் நானும் பார்த்தேன். வாழை இலை. கையால் பிடித்த மூன்று சோற்றுருண்டை. மேலே கறுப்பு எள். கருமாதி வீட்டில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! மீன் துண்டு ஒன்றுதான் குறுக்கே நின்றது. அதுவும் அத்தை நின்ற இடத்திலிருந்து தெரிந்திருக்காது. பிழைப்பாரா மாட்டாரா என்று கிடக்கிற பெற்ற தகப்பனுக்கு, நானே என் கையால். இலையைச் சுருட்டி எடுத்துவிடக் குனிந்தேன்.

அப்பா என் கையைத் தட்டிவிட்டார். இலையை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். அவருடைய தோள் குலுங்கியது. இருமுகிறார் என்று பயந்துபோனேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் கண்ட நாளிலிருந்து அவர் சிரித்து நாங்கள் பார்க்கவில்லை.

“நான் செத்த பொறவு இத நீ புடிச்சி வச்சா காக்கா தான துன்னும்,” என்றார். “உசுரோட இருக்கசொல்ல நானே துன்னுட்டுப் போறேன். வுடு.”

முதல் உருண்டையை எடுத்தார். இரண்டு எள் மடியில் விழுந்தது. வாயில் போட்டுக்கொண்டு நெடுநேரம் மென்றார். கோபேக்காரர் ஞாபகம் வந்து, நான் சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன். அத்தையையும் தோளைப் பிடித்துத் திருப்பினேன். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். இது இன்னாடா புளிப்பு என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நல்லாத்தான் கீது என்று கொஞ்ச நேரம் கழித்து வந்தது.

திரும்பிப் பார்த்தபோது இரண்டாவதும் போயிருந்தது. மூன்றாவது மட்டும் இலையில் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே கொல்லைச் சுவரில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, இலையைப் பார்த்துக் கத்தியது. அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. வழக்கத்தை விட்டுவிடக்கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, அந்த உருண்டையை எடுத்துக் காக்கைக்கு வைக்கக் கையை நீட்டினாள்.

அப்பா இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அந்தக் காக்காகிட்டப் போய்ச் சொல்லு,” என்றார், வாயில் இன்னும் சோற்றோடு. “இன்னும் நாள் கீது, அப்புறம் வான்னு.”